மலை ஏறும் ஆட்டோமேட்டிக் காருக்கு தனி கியர் ஆயில் கூலர்: தேர்வும் மாட்டும் முறையும்

தேனி மாவட்டம் போடியிலிருந்து மேலே போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவுகள், ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் ஏற்றம். ஏழு பேர், மேலே கேரியரில் மூட்டை, ஏசி ஓடுகிறது என்றால் ஒரு இன்னோவா கிரிஸ்டாவோ ஸ்கார்பியோ என்னோ 2,400 கிலோவை ஒட்டி நிற்கும். அந்த எடையை முக்கால் மணி நேரத்தில் மேலே தூக்க இன்ஜின் சராசரியாக 9 கிலோவாட் அளவுக்குத் தள்ள வேண்டும். டயர் உராய்வையும் சேர்த்தால் இன்னும் கூடும். இன்ஜின் சுழற்சியை ஆயில் வழியாக கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர், லாக் ஆகாமல் (நேரடியாகப் பிணையாமல்) வழுக்கிக்கொண்டே வரும்போது அதில் பத்தில் ஒரு பங்கு சூடாக மாறினாலும் ஒரு கிலோவாட் ஆகிறது. ஒரு இஸ்திரிப் பெட்டியை கியர்பாக்ஸ் ஆயிலுக்குள் முக்கி, மெட்டு வரைக்கும் அணைக்காமல் வைத்திருப்பதற்குச் சமம். அந்தச் சூட்டைக் காற்றில் விடுவதற்காக முன்னால் மாட்டும் சிறு ரேடியேட்டர்தான் இந்தக் கூலர்.

நான்குவழிச் சாலையில் கன்வெர்ட்டர் லாக் ஆகிவிடும், வழுக்கல் இராது, காற்றும் வேகமாக முன்னால் மோதும். மலையில் இந்த இரண்டும் இல்லை. 20 கிலோமீட்டர் வேகத்தில் முன் கிரில் வழியாக நுழையும் காற்று மிகக் கொஞ்சம். நம் பக்கத்துக்குக் கூலர் வாங்குகிறவர் மனதில் வைக்க வேண்டியது இதுதான்: எவ்வளவு பெரிய கூலர் என்பதை விட, வண்டி ஊர்ந்து போகும்போது அதன் வழியாக எவ்வளவு காற்று போகும் என்பதே முக்கியம். அமெரிக்காவில் டிரெய்லர் இழுக்கிறவர்களுக்காக எழுதிய அறிவுரைகளை அப்படியே எடுத்துக்கொண்டால் இங்கேதான் இடறும். அவர்களுடைய கணக்கு 90 கிலோமீட்டர் வேகத்துக்கானது.

முதலில் உங்கள் வண்டியில் இருப்பது என்ன கியர்பாக்ஸ் என்று தெரிந்துகொள்ளுங்கள். வேகன் ஆர், ஸ்விஃப்ட் போன்றவற்றில் வரும் ஏஜிஎஸ் என்பது ஏஎம்டி. சாதாரண மேனுவல் கியர்பாக்ஸில் கிளட்சையும் கியரையும் ஒரு கருவி இயக்குகிறது, அவ்வளவுதான். அதற்கு இந்தக் கூலர் வேலைக்கு ஆகாது. உலர் கிளட்ச் உள்ள டிசிடி, டிஎஸ்ஜி என்னும் இரட்டை கிளட்ச் வகைகளிலும் சூடாவது கிளட்ச் தகடுதான், ஆயில் அல்ல. அங்கேயும் பயனில்லை. பல் சக்கரங்களுக்குப் பதில் பெல்ட்டில் ஓடும் சிவிடி தனிக் கதை. அதற்கென்று உள்ள ஆயிலைத் தவிர வேறு எதுவும் படக்கூடாது, லைன் அழுத்தம் சற்றுக் குறைந்தாலும் பெல்ட் வழுக்கும். இங்கே சொல்வதெல்லாம் டார்க் கன்வெர்ட்டர் ஆட்டோமேட்டிக்குகளுக்கு: இன்னோவா கிரிஸ்டா, ஃபார்ச்சூனர், எக்ஸ்யூவி 700, ஸ்கார்பியோ என், எர்டிகா ஆட்டோமேட்டிக் மாதிரியானவை.

அடுத்தது சூட்டின் அளவு பார்ப்பது. கூலர் வாங்கும் முன்பு ஓபிடி ஸ்கேனர் ஒன்று வாங்குங்கள். டாஷ்போர்டுக்குக் கீழே செருகி, போனில் கியர்பாக்ஸ் ஆயில் வெப்பநிலையைப் படிக்கிற மாதிரி ஒன்று போதும். எல்லா ஆப்பும் எல்லா வண்டியிலும் இந்த எண்ணைக் காட்டாது. உங்கள் வண்டி மாடலுக்கு அது வருகிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். சமவெளியில் 80 முதல் 95 டிகிரி காட்டினால் ஆயில் நலமாக இருக்கிறது. மலையில் சற்று நேரம் 105, 110 தொட்டு இறங்குவதும் பெரிய கேடில்லை. 115-க்கு மேல் போய், அங்கேயே பத்து நிமிடம் உட்கார்ந்துகொண்டால் கூலர் தேவை. 120-க்கு மேல் ஆயில் வேகமாகக் கெடும்; பழுப்பு வார்னிஷ், ஆயிலை வழிநடத்தி கியர் மாற்றும் வால்வு பாடிக்குள் படியும், ரப்பர் சீல்கள் இறுகும். ஏறத்தாழ 11 டிகிரி கூடும்போது ஆயிலின் ஆயுள் பாதியாகும் என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. ஸ்கேனர் காட்டுவது பல வண்டிகளில் சம்பில், அதாவது கியர்பாக்ஸின் அடித்தொட்டியில், இருக்கும் ஆயிலின் சூடு. கன்வெர்ட்டரிலிருந்து வெளியே வரும் ஆயில் அதைவிட 20, 30 டிகிரி கூடுதலாக இருக்கலாம்.

சூடு கூடுதலாகக் காட்டினாலும் உடனே கூலருக்கு ஓட வேண்டாம். ரேடியேட்டர் முன்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். செம்மண்ணும் பூச்சியும் ஏசி கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் கம்பளி மாதிரி அடைத்திருக்கும். தோட்டத்து ரோட்டில் ஓடும் வண்டிகளில் இது நிச்சயம். பம்பரைக் கழற்றி, இன்ஜின் பக்கமிருந்து முன்பக்கமாக, குறைந்த அழுத்தத்தில் தண்ணீர் அடித்துக் கழுவினாலே பல வண்டிகளில் 5, 8 டிகிரி இறங்கிவிடும். கூலன்ட் பழையதா, ஃபேன் இரண்டு வேகத்திலும் ஓடுகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். கியர் ஆயிலைக் குளிர்விப்பது கூலன்ட்தான் என்பதால், அது சூடாக இருந்தால் கியர் ஆயிலும் சூடாகத்தான் இருக்கும். ஆயில் கறுத்துக் கருகல் வாடை அடித்தால் கூலருக்கு முன்பு ஆயில் மாற்றம். சம்ப் போல்ட்டைக் கழற்றினால் எல்லா ஆயிலும் வராது, கன்வெர்ட்டருக்குள் கணிசமான பங்கு தங்கிவிடும். அதனால் சில நூறு கிலோமீட்டர் ஓட்டி இன்னொரு முறை மாற்றுவது நல்லது.

இன்னொரு சோதனை, வண்டிக்கு அடியில். கியர்பாக்ஸிலிருந்து இரண்டு இரும்புக் குழாய்கள் ரேடியேட்டரின் கீழ்த் தொட்டிக்கோ பக்கத் தொட்டிக்கோ போகின்றனவா? போனால் வேலை எளிது. புதிய வண்டிகள் பலவற்றில் அந்தக் குழாய்களே இருக்காது. கியர்பாக்ஸ் உடம்பிலேயே சிறு தகடு அடுக்கு ஒட்டியிருக்கும், அதற்குள் கூலன்ட் ஹோஸ் மட்டும் போய் வரும். அந்த வகைக்கு, அந்த கியர்பாக்ஸுக்கென்றே செய்த அடாப்டர் தகடு கிடைத்தால் மட்டும் கை வையுங்கள். கிடைக்காவிட்டால் துளை போட்டு ஒட்டுப்போடும் வேலைக்கு இடம் கொடுக்காதீர்கள். வாரண்டி நடப்பிலிருந்தால் எதைத் தொடும் முன்பும் ஷோரூமில் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கூலரில் மூன்று வகை. வளைந்த குழாயைச் சுற்றி அலுமினியத் தகடு கோத்தது முதல் வகை. மலிவு, கல் பட்டாலும் தாங்கும், குளிர்விக்கும் திறன் குறைவு. இரண்டாவது, தட்டையான குழாய்கள் கொண்டது. மூன்றாவது, மெல்லிய தகடுகளை அடுக்கிய ஸ்டாக்டு பிளேட். அதே இடத்தில் அதிகம் குளிர்விப்பது இதுதான், ஆயில் ஓட்டத்துக்குத் தடையும் குறைவு. ஏழு இருக்கை வண்டிக்கு 11 இன்ச் அகலம், ஏழரை இன்ச் உயரம், ஒன்றரை இன்ச் தடிமன் உள்ள ஸ்டாக்டு பிளேட் போதும். எர்டிகா அளவுக்கு இதைவிடச் சிறியதே சரி. பெட்டியில் பவுண்டு கணக்கில் வண்டி எடை போட்டிருப்பார்கள், 0.45-ஆல் பெருக்கினால் கிலோ. ஆனால் அந்த எண்ணும் வேகமாக ஓடும் வண்டியை மனதில் வைத்துப் போட்டதுதான். கண்டன்சர் முழுவதையும் மறைக்கிற மாதிரி பெரியதை வாங்கினால், கூலரைக் கடந்து வரும் சூடான காற்றைத்தான் ஏசியும் ரேடியேட்டரும் வாங்கும். இன்ஜின் முள் ஏறும், அதோடு கூலன்ட்டும், அதோடு கியர் ஆயிலும். பணம் கொடுத்துச் சூட்டை வாங்கியதாக ஆகும்.

இடம்தான் இந்த வேலையின் உயிர். பலர் பம்பர் மூலையில், பனி விளக்குக்குப் பின்னால் இடம் காலியாக இருக்கிறது என்று அங்கே வைத்துவிடுகிறார்கள். நெடுஞ்சாலையில் அது வேலை செய்யும். லோயர் கேம்ப்பிலிருந்து குமுளி ஏறும்போது அந்த மூலையில் காற்று அசையாது. சபரிமலை சீசனில் போகிற வண்டி கம்பம்மெட்டு வழி, திரும்புகிற வண்டி குமுளி வழி என்று பிரித்து விட்டாலும் பஸ்ஸுக்குப் பின்னால் நின்று நின்றுதான் ஏற வேண்டியிருக்கும். அப்போது காற்றை இழுக்கக்கூடியது ரேடியேட்டர் ஃபேன் மட்டுமே. ஆகவே கண்டன்சருக்கு முன்னால், ஃபேன் சுழலும் வட்டத்துக்கு நேராகக் கூலர் வர வேண்டும். பின்னாலிருந்து ஃபேன் எங்கே இருக்கிறது என்று பார்த்து, முன்பக்கம் சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். ஏசி போட்டிருக்கும்போது அந்த ஃபேன் ஓடும் என்பதால் மலையில் ஏசியை அணைப்பது கியர் ஆயிலுக்கு எப்போதும் உதவும் என்று சொல்ல முடியாது. ஸ்கேனர் எண்ணைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

கண்டன்சருக்கும் கூலருக்கும் நடுவில் 6 முதல் 10 மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள். கூலரோடு பெட்டியில் வரும் பிளாஸ்டிக் ஊசிகளை ரேடியேட்டர் வழியாகக் குத்தி மாட்டச் சொல்லியிருப்பார்கள். செய்யாதீர்கள். மலை ரோட்டு அதிர்வில் அந்த ஊசி கண்டன்சர் குழாயை அறுத்து ஏசி கேஸ் போய்விடும். 25 மில்லிமீட்டர் அகலம், 3 மில்லிமீட்டர் தடிமன் அலுமினியப் பட்டையில் பிராக்கெட் வளைத்து, மேல் குறுக்குச் சட்டத்திலும் கீழ்ச் சட்டத்திலும் எம்6 போல்ட், ரப்பர் வாஷர், நைலாக் நட் போட்டு நிறுத்துங்கள். செல்ஃப் ஸ்க்ரூ போட வேண்டி வந்தால் அதன் நுனி எங்கே வரும் என்று முதலில் அளந்துவிட வேண்டும். ஒரு ஸ்க்ரூ கண்டன்சரை முடித்துவிடும். கூலர் வாய்கள் மேல்நோக்கியோ பக்கவாட்டிலோ இருக்கட்டும், கீழ்நோக்கி வைத்தால் காற்று சிக்கும். ஏர்பேக் சென்சாரை நகர்த்தக் கூடாது. எக்ஸ்யூவி 700 மாதிரி முன் ரேடார் உள்ள வண்டிகளில் ரேடாருக்கு முன்னே கூலரோ பிராக்கெட்டோ எதுவும் வரக்கூடாது.

கண்டன்சர் முன்னால் இடமே இல்லை என்றால், கூலருக்குத் தனி ஃபேன். 7 முதல் 10 இன்ச் ஃபேன், 80 டிகிரியை ஒட்டி இயங்கும் தெர்மல் சுவிட்ச், ஒரு ரிலே. ரிலேயின் முனைகளில் எண் போட்டிருக்கும்: 30-க்கு பேட்டரி பிளஸ், நடுவில் ஃபியூஸ், அதுவும் பேட்டரிக்குப் பக்கத்திலேயே. 87-இலிருந்து ஃபேன். 86-க்கு இக்னிஷன் சப்ளை. 85-இலிருந்து தெர்மல் சுவிட்ச் வழியாக எர்த். ஃபேன் கூலருக்கு முன்னால் இருந்தால் தள்ளும் வகை, பின்னால் இருந்தால் இழுக்கும் வகை. வயரை மாற்றிக் கொடுத்தால் திசை திரும்பிவிடும், ஆனால் இறக்கையின் வளைவு எதிர்ப்பக்கமாக இருப்பதால் காற்று குறைவாகத்தான் வரும். மாட்டியதும் ஒரு காகிதத்தை வைத்துக் காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துவிடுங்கள். ரேடியேட்டர் ஃபேனுக்கு எதிராக அது ஊதினால் இரண்டும் வீண்.

இனி இணைப்பு. வரிசை இப்படி இருக்க வேண்டும்: கியர்பாக்ஸ், அடுத்து ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலர், அடுத்து புதிய கூலர், திரும்ப கியர்பாக்ஸ். கன்வெர்ட்டரிலிருந்து கொதித்து வரும் ஆயிலை ரேடியேட்டர் கூலன்ட் சூட்டுக்கு இறக்கும், மிச்சத்தைக் காற்று இறக்கும். ரேடியேட்டரைத் தாண்டிவிட்டு வெளிக்கூலரை மட்டும் வைக்கிறவர்களும் உண்டு. ரேடியேட்டருக்குள் ஓட்டை விழுந்து கூலன்ட்டும் ஆயிலும் கலந்து ரோஸ்மில்க் மாதிரி ஆகிவிடும் என்ற பயம் அதற்குக் காரணம். பழைய ரேடியேட்டர் என்றால் அந்தப் பயம் நியாயம்தான், அதற்கு மருந்து ரேடியேட்டரை மாற்றுவது. மூணாறில் ஜனவரிக் காலையில் பூஜ்யத்தைத் தொடும் குளிரில் ஆயிலைச் சீக்கிரம் சூடாக்கிக் கொடுப்பதும் அதே ரேடியேட்டர்தான் என்பதை மறக்க வேண்டாம். அடிக்கடி மேலே தங்குகிற வண்டி என்றால் ஆயில் சூடாகும் வரை கூலருக்குப் போகவிடாமல் திருப்பிவிடும், தெர்மோஸ்டாட் உள்ள பைபாஸ் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எது திரும்பும் லைன்? ஊகிக்க வேண்டாம். ரேடியேட்டர் முனையில் ஒரு குழாயைக் கழற்றி, கழற்றிய குழாயின் வாயை ஒரு பாட்டிலிலும், ரேடியேட்டர் வாயில் ஒரு துண்டு ஹோஸ் மாட்டி இன்னொரு பாட்டிலிலும் விடுங்கள். பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொண்டு மூன்று நொடி மட்டும் இன்ஜினை ஓட்டி அணையுங்கள். ஆயில் ரேடியேட்டர் வாயிலிருந்து வந்தால் நீங்கள் கழற்றியது திரும்பும் லைன். குழாயிலிருந்து வந்தால் அது வெளியே வரும் சூடான லைன், அதை அப்படியே மாட்டிவிட்டு மற்றதைக் கழற்றுங்கள். பாட்டிலில் விழுந்த அளவைக் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு அதை ஈடுகட்ட வேண்டும்.

ஹோஸில் பணம் மிச்சம் பிடிக்காதீர்கள். பெட்ரோல் ஹோஸோ ஹீட்டர் ஹோஸோ சில மாதம் தாங்கும், பிறகு உள்பக்கம் உப்பி உரிந்து வால்வு பாடிக்குள் போகும். எஸ்ஏஇ ஜே1532 என்று அச்சிட்ட ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர் ஆயில்) கூலர் ஹோஸ் கேளுங்கள். பொதுவாக 150 டிகிரியை ஒட்டித் தாங்கும். டிராக்டருக்கும் ஜேசிபிக்கும் ஹோஸ் அழுத்தித் தரும் கடையில் முனை பிரஸ் செய்து வாங்கலாம், கிளிப்பே வேண்டாம், மிக உறுதி. ஆனால் சாதாரண ஹைட்ராலிக் ஹோஸ் பல 100 டிகிரிக்குத்தான். ஹோஸ் மேல் அச்சிட்டிருப்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள். அளவு பெரும்பாலும் 5/16 இன்ச் அல்லது 3/8 இன்ச். குழாயைவிடச் சிறிய ஹோஸ் கூடாது.

ஹோஸை ஹேக்ஸாவில் அறுத்தால் ரப்பர் தூள் உள்ளே போகும். கூர்மையான பிளேடில் ஒரே இழுப்பாக வெட்டுங்கள். இரும்புக் குழாயை வெட்டினால் குழாய் வெட்டியால் வெட்டி, முனையில் மேடு எழுப்ப வேண்டும். மேடில்லாத வழவழப்பான குழாயில் கிளிப் எவ்வளவு இறுக்கினாலும் சூட்டில் நழுவும். ஹோஸ் 25 மில்லிமீட்டர் உள்ளே போகட்டும், கிளிப் மேட்டுக்குப் பின்னால் உட்காரட்டும். துளைப் பற்கள் உள்ள மலிவு கிளிப் ரப்பரைக் கீறும், உள்பக்கம் வழவழப்பான பெட்ரோல் இன்ஜெக்ஷன் வகைக் கிளிப் வாங்குங்கள். ரப்பர் கிளிப் ஓரத்தில் லேசாகப் பிதுங்கும்போது நிறுத்துங்கள். வளைவு 8, 10 சென்டிமீட்டருக்குக் குறைவான ஆரத்தில் மடங்கக் கூடாது. சைலன்சர் குழாய், டர்போ பக்கம் நெருங்கவே கூடாது. கசிந்த ஆயில் சூடான எக்ஸாஸ்டில் விழுந்தால் தீப்பிடிக்கும். தகட்டு ஓரத்தைத் தாண்டும் இடமெல்லாம் ரப்பர் வளையம், 30 சென்டிமீட்டருக்கு ஒரு பி-கிளிப். இன்ஜின் தன் மவுண்டில் ஆடும் என்பதால் இன்ஜின் பக்கக் குழாய்க்கும் பாடிக்கும் நடுவே ஹோஸ் சற்றுத் தளர்வாக இருக்க வேண்டும்.

கியர்பாக்ஸ் முன்பு பழுதாகி உள்ளே இரும்புத் தூள் ஓடிய வண்டி என்றால், திரும்பும் லைனில் காந்தம் உள்ள ஃபில்டர் ஒன்றையும் சேருங்கள். பழைய ஸ்டாக்டு பிளேட் கூலரைக் கழுவிப் பயன்படுத்த நினைக்க வேண்டாம், தகடுகளுக்கு நடுவே சிக்கிய தூள் வராது.

பட்டறையில் கொடுத்துச் செய்கிறீர்களா? ஒரே ஒரு விஷயத்தை வற்புறுத்திச் சொல்லுங்கள்: “அண்ணே, ஆயில் லெவலை குத்துமதிப்பா பார்க்காதீங்க, ஸ்கேனர் போட்டு டெம்பரேச்சர் பார்த்துட்டு பாருங்க.” வேலை முழுவதும் சரியாக இருந்து இந்த ஒன்றில் கெட்டுப் போகிற வண்டிகள் உண்டு.

கணக்கு இது. 3/8 இன்ச் ஹோஸ் 2 மீட்டர் போட்டால் அதற்குள் சுமார் 140 மில்லி ஆயில் நிற்கும். கூலருக்குள் அளவைப் பொறுத்து 250 முதல் 400 மில்லி. சிந்தியதையும் சேர்த்தால் அரை லிட்டருக்கு மேல் கூடுதலாகத் தேவைப்படும். ஆயில் வகையில் பேச்சே இல்லை. டொயோட்டாவுக்கு டபிள்யூஎஸ் வகை ஆயில் என்றால் டபிள்யூஎஸ் தான், “எல்லாத்துக்கும் போடலாம்” என்று சொல்லும் டப்பா வேண்டாம்.

ஆயில் லெவல் பார்க்கும் குச்சி இல்லாத கியர்பாக்ஸ்களில் கீழே உள்ள லெவல் போல்ட்டைக் கழற்றிப் பார்ப்பார்கள். ஆயில் ஒரு குறிப்பிட்ட சூட்டில் இருக்கும்போதுதான் அந்த அளவு சரி. பல வண்டிகளில் அது 35 முதல் 45 டிகிரிக்குள். உங்கள் மாடலுக்கான எண் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். இங்கே ஒரு கண்ணி உண்டு. சில கியர்பாக்ஸ்களில் கூலர் லைனில் தெர்மோஸ்டாட் இருக்கிறது, 70, 80 டிகிரி வந்த பிறகுதான் ஆயில் கூலருக்கே போகும். புதிய கூலர் காலியாக இருக்கும்போதே 40 டிகிரியில் லெவல் பார்த்து மூடிவிட்டால், மலையில் தெர்மோஸ்டாட் திறந்ததும் அரை லிட்டர் கூலருக்குள் ஓடிவிடும், சம்ப் குறைந்து பம்ப் காற்றை இழுக்கும். அதனால் முதலில் கொஞ்சம் ஆயில் கூட்டி ஊற்றி, வண்டியை 90 டிகிரி வரும் வரை ஓட்டி, கூலர் சூடாகிறதா என்று இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் பாருங்கள். பிறகு ஆறவிட்டு, சமதளத்தில், பிரேக்கை மிதித்தபடி எல்லா கியரிலும் ஒவ்வொரு முறை போட்டு எடுத்து, மேனுவல் சொன்ன சூட்டில் லெவல் போல்ட்டைக் கழற்றுங்கள். மெல்லிய நூலாக வடிந்து சொட்டாகும்போது மூடுங்கள். கூடுதலாக விட்டுவைப்பதும் தவறு. சுழலும் பாகங்கள் ஆயிலைக் கடைந்து நுரையாக்கும், நுரை அழுத்தம் தாங்காது, மூச்சுக்குழாய் வழியாக வெளியே தள்ளும்.

கசிவைப் பார்ப்பதும் சூடான பிறகுதான். இணைப்புகளைத் துணியால் துடைத்து, கீழே வெள்ளை அட்டை விரித்து, இன்ஜின் ஓட 15 நிமிடம் விடுங்கள். அணைத்து ஆறியதும் கிளிப்களை ஒருமுறை இறுக்குங்கள். சூட்டில் ரப்பர் அமுங்கி இடம் விட்டிருக்கும். முதல் மலைப் பயணம் முடிந்ததும் இன்னொருமுறை, 500 கிலோமீட்டரில் மறுபடியும்.

அதே ஏற்றம், அதே ஆட்கள், அதே நேரம் வைத்துப் பழைய அளவோடு ஒப்பிடுங்கள். நல்ல இடத்தில் மாட்டிய கூலர் மெட்டில் 10 முதல் 20 டிகிரி குறைத்துக் காட்ட வேண்டும். நெடுஞ்சாலையில் குறைந்து மலையில் குறையாவிட்டால் இடம் தவறு, ஃபேன் காற்று சேரவில்லை. இரண்டிலும் குறையாவிட்டால் ஆயில் அதன் வழியாக ஓடவில்லை: ஹோஸ் மடங்கியிருக்கும், அல்லது தெர்மோஸ்டாட் திறக்கவில்லை. சமவெளியில் 60 டிகிரியைத் தாண்டவே மாட்டேன் என்றால் கூலர் பெரிது, சில வண்டிகளில் ஆயில் சூடாகும் வரை கன்வெர்ட்டரை லாக் செய்யவே விடாது, டீசல்தான் கூடுதலாகப் போகும்.

கூலர் மாட்டிய பிறகும் ஏறும் பழக்கத்தை மாற்றிக்கொண்டால் நல்லது. செங்குத்தான இடத்தில் ‘D’-யில் விட்டு மூன்றாம் கியருக்கும் இரண்டாம் கியருக்கும் நடுவே அது தடுமாற விடாமல், மேனுவல் மோடில் இரண்டிலேயே வைத்து 2,000 சுற்றுக்கு மேல் நிற்கவிடுங்கள். கன்வெர்ட்டர் வழுக்கல் குறையும், ஆயில் பம்பும் அதிகம் சுழற்றும். ஏற்றத்தில் நிற்கும்போது ஆக்ஸிலரேட்டரால் வண்டியைத் தாங்கிப் பிடிக்காமல் பிரேக்கில் பிடியுங்கள், ஒரு நிமிடத் தாங்கல் பத்து டிகிரி ஏற்றிவிடும். மெட்டில் டீக்கடை வந்ததும் உடனே சாவியைத் திருப்பாமல், ஹேண்ட் பிரேக் போட்டு நியூட்ரலில் இன்ஜினை மூன்று, நான்கு நிமிடம் ஓடவிடுங்கள். கன்வெர்ட்டருக்குள் கொதிக்கும் ஆயில் கூலருக்குப் போய் வரும், ஸ்கேனரில் எண் 95-க்குக் கீழே இறங்கியதும் அணைக்கலாம்.